கூட்டுக்குரலும் தனிப்பெயரும்

“சேர், இது நம்ம பாட்டா, அவங்க பாட்டா?”

2021ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஹட்டனை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில், பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அந்நாட்களில் பஸ் தரிப்பிடத்திலும் முச்சக்கர வண்டிகளிலும் லயத்துக் காம்பராக்களிலும் ஒரே பாட்டுத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. அறிவு, தீ என்னும் இளங்கலைஞர் இருவர் பாடி, சந்தோஷ் நாராயணனின் இசையில், அவ்வாண்டு மார்ச் 7ஆம் நாள் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற பாட்டு அது. அதனை எழுதிய அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் தமிழகம் சேர்ந்தவர் என்ற செய்தியையும் மாணவர்கள் எப்படியோ அறிந்திருந்தார்கள்.

நான் அன்று சொன்ன விடை எனக்கே திருப்தி அளிக்கவில்லை. பாட்டு எல்லோருக்கும் பொதுவானது என்று ஏதோ சொல்லி வைத்தேன். பொதுவானது என்பது நல்ல சொல்தான். ஆனால் பொதுவான உழைப்பின் பலன் ஏன் பொதுவாக இருப்பதில்லை என்பதை இந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஓராண்டு கழிவதற்குள் அதே கேள்வி சென்னையில் வேறு வடிவில் எழுந்தது. பாட்டை ஆக்கியவர் யார், அதன் புகழ் யாருக்கு, அதன் வருவாய் எங்கே என்று கலைஞர்களே ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். சிறுமியின் கேள்வி அற்பமானதன்று என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

இக்கேள்விக்கு ஒரு பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண முடியாது. அப்பாட்டை எழுதிய கவிஞரை மக்கள் முன் நிறுத்திய இசைக்குழுவின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்பது அக்குழுவின் பெயர். ‘சாதியற்றோர் கூட்டு’ என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

★

2018ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் இக்குழுவின் முதல் அரங்கேற்றம் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. அது மார்கழி மாதம். சென்னைச் சபாக்களில் கர்நாடக இசைக் கச்சேரிகள் மலிந்து கிடக்கும் காலம். சபா வாயிலுக்குள் என்றும் நுழையாத வடசென்னை இளைஞர்கள் மேடையேறிப் பாட, ஆயிரக்கணக்கானோர் திறந்த வெளியில் நின்று கேட்டார்கள். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் கூடி இம்முயற்சியை உருவாக்கின. மேடையில் இருந்தவர்கள் 19 பேர்.

குழுவின் பெயருக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தாழ்த்தப்பட்ட மக்களின் விடுதலைக்காக எழுதியும் பேசியும் வந்த அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), அம்மக்கள் சாதியற்றவர்கள் என்ற கொள்கையை வலியுறுத்தினார். சாதி தமக்குப் பிறர் இட்ட விலங்கு, தம் இயல்பு அன்று என்பதே அவர் கருத்து. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் பத்திரிகையின் பெயரே அது யாருக்காக நடத்தப்பட்டது என்பதைச் சொல்லும். அந்தப் பண்டிதரின் சிந்தனையை ஒரு நூற்றாண்டு கழித்துக் கானாப் பாடகர்களும் பறைக் கலைஞர்களும் தம் குழுவுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். ஆராய்ச்சி நூல்களில் உறங்கிய கருத்து இளைஞர்களின் சட்டைகளில் அச்சாகித் தெருவில் நடக்கலாயிற்று.

கானாவைப் பற்றி ஒரு சொல். வடசென்னையின் துறைமுகத் தொழிலாளர், ரிக்‌ஷாக்காரர், கூலிகள் ஆகியோரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த பாட்டு வகை அது. சாவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்போர் இறந்தவனின் பெருமையையும் உலகின் நிலையாமையையும் கேலியையும் கண்ணீரையும் கலந்து பாடுவது. திரைப்படம் அதனைக் கடன் வாங்கிற்று. ஆனால் பெரும்பாலும் குடிகாரனின் பாட்டாகவும் ரௌடியின் ஆட்டமாகவுமே அதனைக் காட்டிற்று. மெட்டு எடுத்துக்கொள்ளப்பட்டது, மெட்டுக்கு உரியவன் இழிவுபடுத்தப்பட்டான். இந்த அநீதிக்கு எதிராகவே இக்குழு எழுந்தது எனலாம்.

குழுவின் வாத்தியங்களைப் பாருங்கள். பறை, சட்டி, கட்டமோளம், தவில் ஒருபுறம். கித்தாரும் மேனாட்டு டிரம்ஸும் மறுபுறம். நாட்டுப்புற வாத்தியத்தை மேனாட்டு இசையோடு கலப்பது புதிதன்று. திரையிசை அதனை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. ஆனால் அங்கே பறை ஊறுகாய்போல ஓரத்தில் வைக்கப்படும். இங்கே பறை பாட்டின் போக்கைத் தீர்மானிக்கிறது. கித்தார் அதற்குத் துணை போகிறது. இது வெறும் ஒலியமைப்பு விஷயமன்று. யார் முன்னே நடப்பது, யார் பின்னே வருவது என்று சமூகம் வகுத்த வரிசையை மேடையில் மாற்றியமைக்கும் செயல் அது.

★

மேனாட்டில் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி உண்டு. 1976, 77ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் வேலையற்ற இளைஞர்களிடையே ‘பங்க்’ என்னும் இசை எழுந்தது. இசைத் தேர்ச்சியையே வாயிற்காவலாக நிறுத்தி வைத்த உலகை மறுத்து, சொல்ல வேண்டியது உள்ளவன் பாடலாம் என்றது அவ்வியக்கம். 1978 ஏப்ரல் 30ஆம் நாள் இலண்டனில் இனவெறிக்கு எதிராகப் பல்லாயிரவர் ஊர்வலம் சென்றபோது அதன் முடிவில் மேடையேறியவர்களுள் பங்க் குழுவினரும் இருந்தனர். அதே இசை பிற்காலத்தில் இனிய மெட்டும் காதற் சோகமுமாக மென்மையடைந்து, ‘பொப் பங்க்’ என்ற பெயருடன் கடைச்சரக்காகியதையும் நாம் அறிவோம். கோபம் விற்கப்படும் பொருளாகிவிட்டால் அதன் கூர் மழுங்குகிறது. எந்தக் கலகக் குழுவின் வாழ்க்கையையும் மதிப்பிடுவோர் இந்த அபாயத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

சாதியற்றோர் கூட்டின் பாடல்கள் எவற்றைப் பற்றியவை? இட ஒதுக்கீட்டைச் சலுகை என ஏசுவோருக்கு விடை கூறும் பாட்டு. மாட்டிறைச்சி உண்பவனைத் தீண்டத்தகாதவனாக்கும் அரசியலை நையாண்டி செய்யும் பாட்டு. நடைபாதையில் வாழ்வோரின் பாட்டு. அம்பேத்கரைப் போற்றும் பாட்டு. 2018இல் வெளிவந்த ‘மகிழ்ச்சி’ என்னும் தொகுப்பு இக்குழுவின் முதல் இசைத் தொகுப்பு. பெயரைக் கவனியுங்கள். ஒடுக்கப்பட்டவன் அழுதுகொண்டுதான் மேடையேற வேண்டும் என்று எதிர்பார்க்கும் இரக்கவாதிகளுக்கு அந்தப் பெயரே மறுப்பு.

இவற்றுள் சிறந்தவை எவை, குறையுள்ளவை எவை என்று பிரித்துக் காண்பது விமர்சகனின் கடமை. நல்ல நோக்கம் உடையது என்பதற்காகவே ஒரு பாட்டை நல்ல பாட்டு என்று கொண்டாடினால் அந்த நோக்கத்துக்கே நாம் கேடு செய்தவராவோம். கானாவின் இயல்பான கேலியும் குறும்பும் கலந்து, எதிரியோடு தெருமுனையில் நின்று வாதிடுவதுபோல அமைந்த பாடல்களில் குழு உச்சத்தை எட்டுகிறது. அங்கே கருத்து ஒரு மனிதனின் வாயிலிருந்து வருகிறது. அவனுக்கு வீடும் பசியும் நையாண்டியும் இருக்கின்றன. அதற்கு மாறாக, தலைவர்களின் பெயர்களையும் கோரிக்கைகளையும் அடுக்கிச் செல்லும் பாடல்கள் கூட்டத்தில் எழுச்சியூட்டினாலும் தனியே கேட்கும்போது சுவரொட்டியை வாசிப்பதுபோல் இருக்கின்றன. முழக்கத்துக்கு ஊர்வலத்தில் இடம் உண்டு. பாட்டில் அது மனித முகத்தோடு வர வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 ஆண்டுகளே வாழ்ந்தும் இந்த வேற்றுமையைத் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதை நம் மாணவர்களுக்கு நினைவூட்டலாம்.

இன்னொரு குறையும் உண்டு. 19 பேருடன் தொடங்கிய குழுவில் பெண்குரல் ஒன்றே இருந்தது. அந்த ஒரு குரல் இசைவாணியுடையது. ஆண்களே பாடிவந்த கானாவைப் பெண் பாடுவது அதுவரை அரிதினும் அரிது. 2020ஆம் ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது. சபரிமலைக் கோயிலுக்குள் பெண்கள் செல்வது பற்றிய வழக்கும் விவாதமும் கொதித்துக்கொண்டிருந்த 2018இல், பெண்ணின் வழிபாட்டு உரிமையைப் பேசும் பாட்டொன்றை அவர் பாடினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அதே பாட்டுக்காக அவர்மீது முறைப்பாடுகள் செய்யப்பட்டன, மிரட்டல்கள் வந்தன. பாட்டு கூட்டுக்குரியது. வசையும் மிரட்டலும் வந்தபோது அவை முன்னின்று பாடிய பெண்ணின் தலையிலேயே விழுந்தன. குழுவைத் தோற்றுவித்த மையம் அவருக்கு ஆதரவாக நின்று விளக்கம் வெளியிட்டது என்பது ஆறுதல் தரும் செய்தி.

★

இனி அறிவிடம் வருவோம். அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து வந்த இவ்விளைஞர் கூட்டில் ராப் பாடுபவராகவும் பாடலாசிரியராகவும் அறிமுகமானார். 2018இல் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்துக்குப் பாட்டெழுதினார். 2019இல் இசையமைப்பாளர் ஒஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தவர்களுள் ஒருவரான இளம்பெண்ணைப் பற்றிய பாட்டு அதில் உண்டு. திருக்குறளின் ஒலியை நினைவூட்டும் அத்தொகுப்பின் பெயரிலேயே அவர் கொள்கை இருக்கிறது. ஏடுகளில் உள்ள தமிழுக்கும் தெருவிலுள்ள தமிழுக்கும் இடையே ஓர் எழுத்து வேற்றுமையே உண்டு என்கிறார்போலும்.

பிறகு வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டார்கள். நிலத்தைப் பண்படுத்தி மரம் வளர்த்துத் தோட்டம் அமைத்தவள், அத்தோட்டம் செழித்த பின்னும் தாகம் தீராதவளாய் நிற்கிறாள் என்பதே அப்பாட்டின் மையமான முறையீடு. இதனை அரசியல் மேடையின் மொழியில் சொல்லாமல், பாட்டி பேரனைக் கொஞ்சும் மொழியிலும் ஒப்பாரியின் தொனியிலும் அறிவு சொன்னார். நான் மேலே குறிப்பிட்ட குறை இங்கே நீங்கிவிட்டது. கருத்துக்கு உடல் கிடைத்தது. கூட்டில் அவர் பெற்ற பயிற்சியின் கனி இப்பாட்டு என்று கூறுவது மிகையாகாது.

இருப்பினும் ஹட்டனிலிருந்து நோக்குபவனுக்கு ஒரு மனக்குறை உண்டு. பாட்டின் காட்சிப்படம் பசுமையும் வண்ணமும் திருவிழாக் கோலமுமாக விரிகிறது. தேயிலைத் தோட்டத்தின் உழைப்பு அங்கே ஒரு நினைவுச் சாயலாகவே நிற்கிறது. உயிர்கள் யாவும் இயற்கையின் மக்கள் என்ற பரந்த தத்துவத்தில், துரையும் கங்காணியும் கொழுந்துக் கூடையும் கரைந்துபோகின்றன. பாட்டு வெளிவந்த அதே 2021 மார்ச் மாதத்தில்தான் நம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கான கிளர்ச்சிக்குப் பிறகு கிடைத்த அறிவிப்பு அது; அதனையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. பாட்டைக் கேட்டு உருகிய உலகத்துக்கு இந்தச் செய்தி எட்டியிராது. ஒரு பாட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் சொல்லாமல் விட்டது எது என்பதை அந்த மண்ணில் வாழ்பவன் குறிப்பிட்டாக வேண்டும்.

பாட்டின் புகழோடு பூசலும் பிறந்தது. 2021 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து வெளிவரும் ஆங்கில இசைப் பத்திரிகை ஒன்று அட்டையில் தீயின் படத்தையும் மற்றொரு பாடகரின் படத்தையும் வெளியிட்டது. அறிவின் படம் இல்லை. பாட்டை எழுதியவனைக் காணோமே என்று பா. இரஞ்சித் முதலியோர் கண்டித்தனர். பின்னர் அறிவின் படத்துடன் மின்னிதழ் அட்டை ஒன்றும் வந்தது. 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாட்டு மேடையேறியபோதும் அறிவு இல்லை. அவர் இடத்தில் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். உழைக்கும் மக்களின் கலைஞர் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிறுத்தப்பட்ட அக்காட்சியில் குற்றம் அந்த அம்மையாருடையது அன்று. பாட்டைத் தாமே ஆக்கி எழுதிப் பாடியதாகவும், அதன் பின்னே தம் முன்னோரின் வாழ்க்கை இருக்கிறது என்றும் அறிவு பகிரங்கமாக எழுதினார். அது பலர் கூடி ஆக்கிய படைப்பு, அறிவின் பங்கைத் தாம் என்றும் மறைத்ததில்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதிலளித்தார்கள். 2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்று ஆண்டு நிறைந்தபோது, இதனால் தங்களுள் எவருக்கும் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார்.

இப்பூசலில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். கலைஞர்கள் தமக்குள் பெயருக்காக வாதிட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் பணம் பற்றிய கேள்வி பின்னால் நின்றது. கொழுந்து பறித்தவர் இருவர் யாருடைய கூடை பெரிது என்று சச்சரவு செய்யும்போது தராசு யார் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிடுவதுபோன்றது இது. இசைச் சந்தைக்குக் கூட்டுப் பெயர் பிடிப்பதில்லை. விளம்பரப் பலகைக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு பெயர் வேண்டும். 19 பேரின் பெயரை அது தாங்காது. பாட்டியின் பெயரை நினைத்தும் பாராது.

காலப்போக்கில் குழுவின் உறுப்பினர் பலர் தத்தம் வழியே சென்றனர். தென்மா ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) முதலிய படங்களுக்கு இசையமைத்தார். அறிவு ‘அம்பாசா’ என்ற தம் குழுவை அமைத்து, 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்ற தொகுப்பை வெளியிட்டார். சந்தையில் வேறொருவர் முகத்தோடு உலவிய பாட்டுக்கு விடையாக அவர் தம்மைத் தம் பாட்டியின் பேரனென்றே அறிமுகம் செய்துகொண்டது பொருள் பொதிந்த செயல். இதற்கிடையில், 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழாவைத் தொடங்கிற்று. ஒரு குழுவுக்குக் கிடைத்த மேடை பல கிராமியக் கலைஞர்களுக்கும் பழங்குடிக் கலைஞர்களுக்கும் கானாப் பாடகர்களுக்கும் உரிய மேடையாக விரிந்தது. என் கருத்தில், சாதியற்றோர் கூட்டின் வாழ்க்கையில் நிலைக்கத்தக்க சாதனை இதுவே. அதன் மிகப் புகழ்பெற்ற உறுப்பினரின் மிகப் புகழ்பெற்ற பாட்டைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

★

பாட்டின் வருவாய் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு அயலில் ஒரு விடை கிடைக்கிறது. 1990களின் பிற்பகுதியில் சீனத் தலைநகர் பீஜிங்கிலும் பங்க் குழுக்கள் தோன்றின. அவற்றிற் சில வெளிநாட்டு மேடைகளிலும் பாடிப் பெயர் பெற்றன. அவற்றைப் பற்றி எழுதுவோர் பலர். அதே நகரின் ஓரத்தில், நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த தொழிலாளர் நெருங்கி வாழும் பீச்சுன் என்னும் கிராமத்தில் வேரூன்றிய வேறொரு குழுவைப் பற்றி எழுதுவோர் சிலரே. சுன் ஹெங் முதலிய தொழிலாளக் கலைஞர்கள் 2002 மே தினத்தன்று தொடங்கிய அக்குழு கட்டட வேலைத்தலங்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் கித்தாருடன் சென்று பாடிற்று. கூலி பாக்கி, ஊர் ஏக்கம், உழைப்பின் பெருமை ஆகியவையே அதன் பாடுபொருள். 2004இல் வெளிவந்த முதற் தொகுப்பின் உரிமைத் தொகையை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. அதனைக் கொண்டு 2005இல் இடம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். 2008இல் தொழிலாளர் வாழ்க்கைப் பொருட்களைத் திரட்டி ஒரு காட்சிச்சாலையும் அமைத்தார்கள். அக்காட்சிச்சாலை 2023இல் மூடப்பட்டுவிட்டது. தொழிலாளியின் பெயரால் ஆளும் நாட்டிலும் தொழிலாளியின் நினைவுக்கு நகரத்தில் இடம் கிடைப்பது எளிதாக இல்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இந்த எடுத்துக்காட்டினால் சென்னைக் குழுவைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. பாட்டின் உரிமை தம் கையில் இருந்ததால் பீச்சுன் தொழிலாளர் பள்ளி அமைத்தார்கள். உரிமை பிறர் கையில் இருந்தால் நல்ல மனம் மட்டும் பள்ளி அமைக்காது. கலைஞனுக்கும் தொழிற்சங்கம் வேண்டும், ஒப்பந்தத்தை வாசிக்கும் கண் வேண்டும் என்பதே இங்குப் பெறத்தக்க பாடம்.

★

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். மேடையில் பாட்டுப் பாடித் தொழிலாளரை ஒன்று சேர்ப்பது ஹட்டனுக்குப் புதிதா? 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் தொடங்கியபோது, அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தொழிலாளரின் துயரையும் உரிமையையும் அமைத்துப் பாடுவது அவர் முறை. மேடைப்பேச்சு செவியோடு நின்றுவிடும். பாட்டு லயம் வரை கூடவே செல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் அவருடைய பாடல்கள் சில 1940இல் சிறு பிரசுரமாக வெளிவந்தன. முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவ்வாண்டு ஜனவரியிலேதான். வடசென்னையில் 2018இல் நடந்ததை வியக்கும் நம் மாணவர்களுள் எத்தனை பேர் மீனாட்சியம்மாளின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? சாரல்நாடன் போன்றோர் தேடி எழுதியிராவிட்டால் ஆசிரியர்களாகிய நமக்கும் அப்பெயர் தெரிந்திராது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகக் கேட்டுத் திரட்டியிராவிட்டால் கொழுந்து மலைப் பாடல்களும் தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அவற்றைப் பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களை மூட்டைகள்போல் எண்ணிப் பிரித்தது அது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிற்பாடு தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது. மலைநாட்டு ரயில் நிலையங்களிலிருந்து உறவைப் பிரித்துச் சென்ற கோச்சிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று. போனவர்கள் தம் பாட்டுகளையும் உடன் கொண்டுதான் போயிருப்பார்கள். அங்கே ஒரு பேரன் பாட்டியிடம் கேட்டான்; உலகம் கேட்டது. இங்கே நாம் நம் பாட்டிகளைக் கேட்டோமா?

தப்பைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். சென்னையில் பறை என்பதை நாம் இங்கே தப்பு என்கிறோம். விடியுமுன் பெரட்டுக்கு ஆளெழுப்பியது தப்பு. காமன் கூத்துக்கு ஆட்டம் கொடுத்தது தப்பு. பிணத்துக்கு முன்னே நடந்ததும் தப்பு. ஆனால் அதனை அடித்தவன் யார்? தோட்டத்தில் எல்லோரும் ஒரே கூலி வாங்கியபோதும், தப்பு அடிப்பது ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட கடமையாகவே இருந்தது. எனவே படித்த இளைஞர் சிலர் தப்பைத் தொடமாட்டோம் என்று மறுக்கிறார்கள். அம்மறுப்பைப் பண்பாட்டு அழிவு என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடிமைச் சேவையை மறுப்பதும் ஒரு விடுதலைச் செயலே. பண்பாட்டைக் காக்கும் பொறுப்பை எப்பொழுதும் அதனால் இழிவடைந்தவன் தலையிலேயே வைப்பது என்ன நியாயம்?

ஆயினும் மறுப்போடு கதை முடிந்துவிடுகிறதா? சாதியற்றோர் கூட்டின் பறைக் கலைஞர்கள் இதற்கு வேறொரு விடை தந்தார்கள். அழைத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி நின்று அடித்த வாத்தியத்தை, தம் பெயர் அறிவிக்கப்பட்ட மேடையில், தாம் தேர்ந்த பாட்டுக்காக, தலைநிமிர்ந்து அடித்தார்கள். தோல் அதே தோல், கோல் அதே கோல். அடிப்பவனின் நிலை மாறிவிட்டது. நம் பாடசாலைத் தமிழ்த்தின விழாவில் பரதமும் கர்நாடக இசையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அங்கே தப்பும் ஏற வேண்டும். அதனை எந்தச் சாதிப் பிள்ளையும் கற்க வேண்டும். கற்பிக்க வரும் முதியவரை வாத்தியார் என்று அழைத்து, இசையாசிரியருக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தைக் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பழைய கடமை புதிய உடையில் வந்ததாகவே முடியும்.

அந்த மாணவியின் கேள்விக்கு நான் தாமதமாகவே விடை சொன்னேன். பாட்டு உன் பாட்டியின் தலைமுறையுடையது. அதனை எழுதியவன் உன் உறவுக்காரன்போன்றவன். அதனை விற்றவர்கள் உன்னை அறியமாட்டார்கள் என்றேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, தன் அப்பாயிக்கும் பாட்டுத் தெரியும் என்றாள். அடுத்த வாரம் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தாள். நடவுப் பாட்டு ஒன்று, தாலாட்டு இரண்டு, பாதியில் நின்றுபோன ஒப்பாரி ஒன்று. எல்லாம் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பாடியவரின் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் தேதியையும் எழுது என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த வகுப்பில் இப்படி 11 கொப்பிகள் சேர்ந்தன.